ரெண்டுல ஒண்ணு தவறினா

ஆதியம்மாள் புருஷனோடு பேச்சை நிறுத்தி அந்த ஞாயிற்றுக்கிழமையோடு முப்பத்தாறு நாள் ஆகியிருந்தது. இத்தனைக்கும் வாய் ஓயாதவள் என்று குப்பம் முழுக்கப் பேரெடுத்தவள். திருக்கழுக்குன்றத்தில் அவள் 'மீனேய்' என்று ஒரு குரல் கொடுத்தால் நாலாவது தெருவில் படுத்திருக்கும் பூனை எழுந்து உட்காரும். அப்பேர்ப்பட்டவள் வீட்டுக்குள் வாயைப் பூட்டிக்கொண்டு சோறு வைத்தாள், தண்ணீர் வைத்தாள், பாய் விரித்தாள். எல்லாம் நடந்தது. பேச்சு மட்டும் நடக்கவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை, மீன் விற்ற காலிக் கூடையோடு திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தாள். மாபலிபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகிற பஸ் வந்து நின்றது. சிங்காரம் இறங்கினான். சலவைச் சட்டை, கறுப்புப் பேண்ட், கையில் ரெக்ஸின் பை. பக்கத்தில் அதே பஸ்ஸிலிருந்து இறங்கிய, பேண்ட் போட்ட இன்னும் இரண்டு பேர். டீக்கடைப் பக்கம் வந்தவன் நாலு முழ தூரத்தில் நின்று அவள் முகத்தை நேராகப் பார்த்தான். இவள் வெற்றிலைப் பல் தெரியச் சிரித்தாள். அவன் முகத்தில் ஓர் அசைவு இல்லை. திரும்பி அந்த இரண்டு பேரோடு பேசிக்கொண்டே போய் டீ குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டான்.

இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவள். ஒரே மகள் தனக்கோடியைப் பெற்று வளர்த்துக் கோவளத்தில் கட்டிக்கொடுத்தவள். பேண்ட் போட்டவர்கள் முன்னால் அவள் வெறும் மீன்காரியாகிவிட்டாள்.

பக்கத்து வீட்டு ஜெகதாம்பாள் இதைக் கேட்டதும் சும்மா இருப்பாளா? “நீ ஒண்ண கவனிச்சியா? வூட்லயாச்சும் உன் மூஞ்சிய நேரா பாத்துப் பேசறானா?” என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தால் இல்லைதான். கொஞ்ச காலமாகவே சிங்காரம் அவளோடு பேசும்போது காதைப் பார்ப்பான், தோளைப் பார்ப்பான், கதவு நிலையைப் பார்ப்பான். கண்ணைப் பார்ப்பதில்லை.

“அப்ப செங்கல்பட்டுல எவளோ கீறா. வாரா வாரம் சனிக்கெழம சட்டய சலவ பண்ணிகினு போறது பந்தாட்டத்துக்கா? யார்கிட்ட காது குத்தறான்?” என்று முடித்தாள் ஜெகதாம்பாள்.

அந்தப் பேச்சு ஆதியம்மாளுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

சிங்காரம் கடலுக்குப் போகிற ஆள் இல்லை. பதினெட்டு வயதில் பட்டாளத்துக்கு ஓடிப்போய்ப் பதினைந்து வருஷம் இருந்து, பென்ஷனோடு திரும்பினவன். வீட்டு முன்னால் உட்கார்ந்து மற்றவர்களுக்கு நைலான் வலை முடைந்து கொடுப்பான். பட்டாளத்தில் கற்றுக்கொண்ட கூடைப்பந்துதான் அவனுக்கு உயிர். ஆடுகிற வயது போனதும் பரீட்சை எழுதி ரெப்ரி ஆனான். சனி, ஞாயிறு ஆனால் செங்கல்பட்டு, மதுராந்தகம், காஞ்சிபுரம் என்று போய் விசில் ஊதுவான். குப்பத்தில் அவனுக்கு 'ரெப்ரி' என்றே பேர். மரியாதையான பேர் இல்லை அது. கரையில் கட்டுமரம் ஏறும்போது நாலு பேர் கூடிப் பேசுவார்கள். அவன் போனால், “ரெப்ரி வந்துட்டாரு, ஃபவுல் கொடுத்துடுவாரு,” என்று சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

ஆட்டத்துக்குப் போகிற ஊரிலும் அவனுக்குச் சிநேகம் கிடையாது. எந்த அணியிடமும் ஒரு சோடாகூட வாங்கிக் குடிக்கக்கூடாது என்பது ரெப்ரிகள் வைத்திருந்த கட்டுப்பாடு. கட்டுச்சோறு கொண்டுபோவான். ஆட்டம் முடிந்தால் ஜெயித்தவன் கூடவும் வரக்கூடாது, தோற்றவன் கூடவும் வரக்கூடாது. தனியாகப் போய்த் தனியாகத் திரும்புவான். பதினொரு வருஷமாக அந்தச் சோற்றைக் கட்டிக் கொடுக்கிறவள் ஆதியம்மாள். பேச்சை நிறுத்தின பிறகும் சோறு கட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சௌகத் அலி வந்தார். செங்கல்பட்டுக் கடைத்தெருவில் டிரங்குப் பெட்டிக் கடை வைத்திருப்பவர். சிங்காரமும் அவரும் ஜோடி ரெப்ரிகள். பதினொரு வருஷமாக ஒருவர் இந்தக் கூடைக்கடியில் நின்றால் மற்றவர் அந்தக் கூடைக்கடியில் நிற்பார். பாய்க்கு இங்கிலீஷ் படிக்க வரும்.

“அண்ணி, சுகமா கீறீங்களா?” என்றார்.

“கீறேன் பாய்,” என்றாள். பாயோடு அவளுக்குச் சண்டை இல்லையே.

தன் வீட்டில் நெடுநாள் கழித்து அவள் குரல் கேட்டதும் சிங்காரம் சட்டென்று தலையைத் தூக்கினான். அவள் டீ போட உள்ளே போய்விட்டாள்.

ஆடிக் காற்று பேயாக அடித்துக்கொண்டிருந்தது. கடல் கலங்கி, கட்டுமரமெல்லாம் மேட்டில் கிடந்தன. மீன் இல்லாத நாட்கள். பாய் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துத் தொடையில் வைத்துக் காற்றில் பறக்காமல் கையால் அழுத்திக்கொண்டார்.

“அண்ணாத்த, ரூல மாத்திட்டானுங்க.”

“எந்த ரூலு?”

“ஃப்ரீ த்ரோ. இத்தினி நாளு இன்னா? பந்து போடறவன அடிச்சிட்டா அவனுக்கு ரெண்டு வீச்சு. வுழுந்தாலும் ரெண்டு, வுழலன்னாலும் ரெண்டு. நம்ம வேல பந்த எடுத்துக் கைல கொடுக்கறதோட சரி. கணக்கு டேபிள்காரன் எழுதிக்குவான். இனிமே அப்டி இல்ல. ரெண்டுல ஒண்ணு தவறினா மூணாவது ஒண்ணு கொடுக்கணும்.”

“ரெண்டுமே தவறினா?”

“அப்பவும் மூணாவது உண்டு. ரெண்டும் வுழுந்துச்சுன்னாத்தான் இல்ல.”

சிங்காரம் முடைந்துகொண்டிருந்த வலையில் ஒரு முடிச்சைப் போட்டு இறுக்கினான். “வுழுந்துச்சா இல்லியான்னு யாரு பாக்கறது?” என்று கேட்டான்.

“யாரு பாக்கறது? நாமதான். கூடைக்கடில நிக்கறவன் பாத்து, மூணாவது உண்டு இல்லன்னு வெரல காட்டணும்.”

சிங்காரம் அடுத்த கண்ணியை விரலால் தடவித் தேடினான். பாய் தன்பாட்டுக்குச் சிரித்தார். “ஊர் பூரா இதே பேஜாருதான். காஞ்சிபுரத்துல கேசவன் சாரு, ஒண்ணு தவறினா கைக்குட்டைல ஒரு முடிச்சி போட்டுக்கறாராம். ஆட்டம் முடியறப்ப கைக்குட்டயே இல்ல, வெறும் முடிச்சிதான். மதுராந்தகம் டிரில் மாஸ்டரு புளியங்கொட்ட வெச்சிகினு கீறாரு. தவறினா இந்தப் பாக்கெட்டு, வுழுந்தா அந்தப் பாக்கெட்டு. அவசரத்துல விசிலுன்னு நெனச்சிப் புளியங்கொட்டய வாயில வெச்சி ஊதிட்டாரு.”

“நீ இன்னா பண்ற?”

“மொதல் வீச்சு தவறிச்சின்னா கட்டவெரல மடக்கிக்குவேன். அவ்ளோதான். வா, ஒரு தபா பழகிக்கலாம். சனிக்கெழம ஸ்டேஷன் மைதானத்துல பைனலு. புது ரூல்ல மொத ஆட்டம்.”

அடி போன இறால் கூடை ஒன்றைப் பாயே தேடி எடுத்துச் சவுக்குக் கம்பத்தில் உயரமாகக் கட்டினார். சிங்காரம் வீட்டுக்குள் போய் ஒரு சின்ன வலையைக் கொண்டுவந்து அதன் அடியில் கட்டினான். கூடைப்பந்து வளையத்துக்கென்று அவனே முடைந்தது. கீழ்வாய் குறுகலாக, முடிச்சு நெருக்கமாக இருக்கும். பந்து விழுந்தால் 'சரக்' என்று சத்தம் எழும். இரண்டு வருஷமாக எந்த ஊருக்கு விசில் ஊதப் போனாலும் தன் கைவலையைக் கொண்டுபோய் இரண்டு வளையத்திலும் கட்டச் சொல்லிவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்குவான். ரெப்ரி சாருக்கு ஆட்டத்தின் மேல் அவ்வளவு பக்தி என்று எல்லோரும் மெச்சுவார்கள்.

ஆதியம்மாள் டீயோடு வந்தாள். டம்ளரை நீட்டினாள். அவன் கை டம்ளருக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றில் போய், பிறகு மெதுவாக நகர்ந்து வந்து பிடித்தது. என் விரல் படக்கூடாதாம், என்று நினைத்துக்கொண்டாள்.

பாய் கூடவே கொண்டுவந்திருந்த பந்தை எடுத்து வீசினார். 'சரக்.' சிங்காரம், “வுழுந்துச்சு,” என்றான். அடுத்தது விளிம்பில் பட்டு மணலில் விழுந்தது. “தவறிச்சி, மூணாவது உண்டு,” என்று மூன்று விரலைக் காட்டினான். பத்து முறை வீசியும் பத்தும் சரியாகச் சொன்னான். பாய்க்குச் சந்தோஷம்.

“அவ்ளோதான் அண்ணாத்த. சரி, வலய அவுத்துடலாம். காத்துல கூடயே பிச்சிகினு போவுது.”

“வல இருக்கட்டும்.”

“எதுக்கு? பாதி ஊரு கோர்ட்ல வல ஏது?” பாய் அவிழ்த்துவிட்டு வீசினார். பந்து கூடையின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே விழுந்தது.

“வுழுந்துச்சு,” என்றான் சிங்காரம்.

பாய் அவனைப் பார்த்தார். மறுபடி வீசினார். இந்தத் தடவை பந்து கூடையின் உள்பக்கத்தைத் தொடாமல் நேராக உள்ளே போய்க் கீழே இறங்கியது.

“தவறிச்சி.”

ஆதியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத தனக்கே தெரிகிறது, இவனுக்குத் தெரியவில்லையா? மனசு இங்கே இருந்தால்தானே! 'க்கும்' என்று தொண்டையைக் கனைத்துவிட்டு டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள்.

“மணலு கண்ணுல பட்டுச்சி,” என்று சிங்காரம் சொல்வது பின்னால் கேட்டது. பாய் வெகுநேரம் கழித்துத்தான், “ஆமா, காத்து ஜாஸ்தி,” என்றார்.

சனிக்கிழமை சிங்காரம் பதினொரு மணி பஸ்ஸில் போனான். அடுத்த பஸ்ஸில் ஆதியம்மாள் ஏறினாள். காலையிலேயே தலைக்குச் சீயக்காய் தேய்த்து, உடம்புக்கு வாசனை சோப்புப் போட்டு மீன் கவிச்சி போகக் குளித்திருந்தாள். பெட்டியிலிருந்து எடுத்த பச்சைச் சேலையில் அந்துருண்டை வாசனை. அவள் எவளாக இருந்தாலும் சரி, மீன்காரி என்று தன்னைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்ளக்கூடாது. கண்டால் என்ன கேட்பது என்று வழி முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டு போனாள். அன்றோடு நாற்பத்திரண்டு நாள்.

செங்கல்பட்டு ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் நல்ல கூட்டம். கொளவாய் ஏரிப் பக்கமிருந்து காற்று மண்ணை வாரி இறைத்தது. பெண்பிள்ளை என்று பார்த்தால் வேர்க்கடலை விற்கிற ஒரு கிழவியும் ஆதியம்மாளும்தான். யாரோ சுண்ணாம்புக் கோட்டுக்கு அருகில் இடம் விட்டார்கள். போய் நின்றாள்.

சாம்பல் நிறச் சட்டை போட்டுக்கொண்டு சிங்காரம் ஓடிக்கொண்டிருந்தான். அவனை அப்படி அவள் பார்த்ததில்லை. குப்பத்தில் தலையைக் குனிந்து வலை முடைகிறவனா இவன்! ஒரு விசில் ஊதினால் ஆறடி ஆட்கள் பத்துப் பேர் அப்படியே நின்றார்கள். “யெஸ் சார்” என்றார்கள். அவன் கையைத் தூக்கினால் மேஜையில் இருந்தவர் எழுதிக்கொண்டார். இந்த மரியாதையை விட்டுவிட்டு மீன்கூடையைப் பார்த்துச் சிரிக்க அவனுக்கு எப்படி மனசு வரும் என்று அவளுக்கே தோன்றியது.

பந்து எகிறிக் கோட்டைத் தாண்டி அவள் காலடியில் விழுந்து உருண்டது. எடுக்க வந்தவன் சிங்காரம். குனிந்து எடுத்தான். நிமிர்ந்தான். இரண்டு முழ தூரம். அவள் முகத்தை நேராகப் பார்த்தான். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். வாயைத் திறக்கப் போனாள்.

“அம்மா, கோட்டுக்கு அந்தாண்ட நில்லுங்க. பந்து மேல பட்டுடப் போவுது,” என்றான் சிங்காரம்.

இருபத்திரண்டு வருஷத்தில் அவன் அவளை 'மே' என்று கூப்பிட்டிருக்கிறான். 'ஏ கய்த' என்று கூப்பிட்டிருக்கிறான். குடித்த நாளில் வாயில் வராத பேரெல்லாம் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். 'நில்லுங்க' என்று சொன்னதில்லை. அவன் முகத்தில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. தெரியாத ஒரு பெண்பிள்ளையிடம் காட்டுகிற மரியாதை மட்டும்தான் இருந்தது.

அவள் இரண்டு அடி பின்னால் நகர்ந்தாள்.

இடைவேளையில் சௌகத் அலி அவளைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். “அண்ணி! நீங்க எங்க இங்க?”

“மெல்லப் பேசு பாய். நான் வந்தது அவருக்குத் தெரிய வேணாம்.” அவள் கையைப் பிசைந்தாள். “இவரு எவளோ ஒருத்திகிட்ட வர்றாருன்னு வந்தேன்.”

“யாரு, அண்ணாத்தயா? அட அல்லாவே! இங்க வந்தா வலய கட்டுவாரு, விசில் ஊதுவாரு, பஸ் ஏறுவாரு. ஒரு டீ கூட யார்கிட்டயும் குடிக்க மாட்டாரே.”

“தெரியுது. இப்பத்தான் தெரியுது.” அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். “பாய், இவருக்குக் கண்ணு தெரியுதா?”

பாய் காலால் மண்ணைக் கிளறினார்.

“சொல்லு பாய்.”

“ஓரத்துல தெரியும் அண்ணி. கோட்ட மிதிச்சாத் தெரியும், கைய தட்டினாத் தெரியும். நேரா பாத்தா நடுவுல ஒண்ணும் தெரியல போல கீது. அன்னிக்கு உங்க வூட்டாண்ட கூடய கட்டினப்பத்தான் எனக்கே வெளங்குச்சி. இத்தினி நாளு வல சத்தத்த வெச்சி ஓட்டிகினு இருந்தாரு. வீச்சு ரெண்டுதான்னு இருந்த வரைக்கும் வுழுந்தா இன்னா, வுழலன்னா இன்னா. இப்ப இந்த ரூலு வந்து மாட்டிவுட்டுடுச்சி.”

“நீ ஏன் கேக்கல?”

“கேட்டா ஆமான்னு சொல்லிடுவாரு அண்ணி. அப்பறம் நான் கமிட்டில சொல்லியாவணும். பதினோரு வருசமா கூட ஓடினவரு.” விசில் கூப்பிட்டது. பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினார்.

இரண்டாம் பாதியில் அவள் பந்தைப் பார்க்கவில்லை, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வீச்சுக்கும் அவன் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் காதைக் கொடுப்பது இப்போது அவளுக்குத் தெரிந்தது. காற்று ஏறிக்கொண்டே போனது. ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது மதுராந்தகத்துப் பையன் ஒருவனைப் பந்து போடுகிற நேரத்தில் தள்ளிவிட்டார்கள். சிங்காரம் ஊதினான். இரண்டு வீச்சு.

முதல் பந்து 'சரக்' என்று விழுந்தது. அவன் தலையை ஆட்டிக்கொண்டான். அடுத்ததற்குள் ஏரிக் காற்று ஒரு தூக்குத் தூக்கி வலையை வளையத்தின் மேலே சுருட்டிப் போட்டுவிட்டது. எல்லோரும் பார்த்தார்கள். அவன் பார்க்கவில்லை. பையன் வீசினான். பந்து வெறும் வளையத்துக்குள் எதையும் தொடாமல் இறங்கியது. ஒரு பக்கம் “வுழுந்துச்சு” என்று கத்தினார்கள். இன்னொரு பக்கம் வெறுமனே கத்தினார்கள். எல்லாக் கத்தலையும் காற்று கலக்கி அடித்தது.

சிங்காரம் நின்றான். ஒரு கணம் அவன் முகம் இருட்டில் வழி தேடுகிற ஆள் மாதிரி ஆகிவிட்டது. பிறகு மூன்று விரலைத் தூக்கிக் காட்டினான்.

“யோவ், ரெண்டும் வுழுந்துச்சிய்யா!” “ரெப்ரிக்கு எண்ணத் தெரியாதா?” மைதானம் முழுக்க எழுந்துவிட்டது. எதிரணிச் செங்கல்பட்டுப் பையன்கள் அவனைச் சூழ்ந்தார்கள். டோர்னமென்ட் செக்ரட்டரி பாலசுப்ரமணியன் மேஜையை விட்டு வந்தார். “சிங்காரம் சார், கண்ணு முன்னாலதான விழுந்துச்சு? மூணாவது எதுக்கு?”

சௌகத் அலி அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்து நடுவில் புகுந்தார். “புது ரூலு சார். எந்நேரமும் மூணு மூணுன்னு மனசுல ஓடிகினு கீதுல்ல, வெரலு தானா வந்துடுச்சி. நானே போன வாரம் ஒருத்தனுக்கு நாலாவது கொடுத்தேன்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்த மாதம் எல்லா ரெப்ரிகளும் செய்கிற தப்புத்தானே. செக்ரட்டரியும் சிரித்துக்கொண்டே, “அப்படியா சார்?” என்றார்.

ஆதியம்மாள் நின்ற இடத்திலிருந்து அவன் விசிலை எடுத்துச் சட்டையில் துடைப்பது தெரிந்தது.

“ஆமா சார். புது ரூலு. கவனிக்கல,” என்றான்.

ஆட்டம் முடிந்தது. யார் ஜெயித்தார்கள் என்று ஆதியம்மாளுக்குத் தெரியாது. மாலை போட்டார்கள், பட்டாசு வெடித்தார்கள். சிங்காரம் ரெக்ஸின் பையை எடுத்துக்கொண்டு தனியாக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான். ரோட்டோரமாக, மதிலை ஒட்டி, ஒரு கையால் அதை அவ்வப்போது தொட்டுக்கொண்டு போனான். பத்தடி பின்னால் அவள் போனாள்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டில் ஒரு சிமெண்டு பெஞ்சில் அவன் உட்கார்ந்தான். அவள் அதே பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். ஆள் உட்கார்ந்த அசைவு தெரிந்து திரும்பினான்.

“அம்மா, மாபலிபுரம் பஸ் வந்தா ஒரு வார்த்த சொல்றீங்களா? கண்ணாடிய வூட்ல வெச்சிட்டு வந்துட்டேன்.”

அவன் ஜென்மத்தில் கண்ணாடி போட்டதில்லை. வாராவாரம் இந்தப் பொய்யை யார் யாரிடம் சொல்லி வீடு வந்து சேர்ந்தானோ. ஆதியம்மாளுக்கு வாய் திறந்தால் அழுகைதான் வரும் போலிருந்தது. கையை அசைத்து வளையலைக் குலுக்கினாள்.

“பேச வராதாம்மா?” என்றான். குரல் இளகியது. “சரி, சரி. பஸ் வந்தா கைய தட்டுங்க, போதும்.”

பையைத் திறந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தான். காலையில் அவள் கட்டிக் கொடுத்த புளிச்சோறும் வறுத்த கருவாடும். அப்படியே இருந்தது. பாதியை இலையோடு கிழித்து அவள் பக்கம் நகர்த்தினான்.

“சாப்புடுங்க. எங்க வூட்ல கட்டிக் கொடுத்தது. நல்லாருக்கும்னு நான் சொல்லக்கூடாது, தின்னு பாருங்க.”

அவள் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டாள்.

அவன் கொஞ்ச நேரம் மென்றுகொண்டிருந்தான். பஸ்கள் வந்தன, போயின. பிறகு, பேச்சு வராதவளிடம் சொன்னால் வெளியே போகாது என்கிற தைரியத்திலோ என்னவோ, ரோட்டைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தான்.

“இன்னிக்கு ஒரு பொய் சொல்லிட்டேம்மா. கோர்ட்டுக்குள்ள நின்னு சொன்ன மொத பொய்யி. ஒரு பையன் பந்து போட்டான். வுழுந்துச்சு. எனக்குத் தெரியல. தெரியலன்னு சொல்லியிருக்கணும். புது ரூலுன்னு சொல்லிட்டேன். எல்லாரும் சிரிச்சிட்டு வுட்டுட்டாங்க. அடிச்சிருந்தாக்கூட நல்லாருந்திருக்கும்.”

வளையல் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தான். கேட்டது.

“பெரியாஸ்பத்திரில காட்டினேன். ரெண்டு வருசம் ஆச்சு. கண்ணு நரம்பு காய்ஞ்சி போச்சாம். ஆப்ரேசனும் கெடயாது, ஒண்ணும் கெடயாதுன்னாரு டாக்டரு. யார்கிட்டயும் சொல்லல. பாய்க்கு இன்னிக்குத் தெரிஞ்சிபோச்சு, எனக்குத் தெரியும். அடுத்த வாரம் பாய் கைல விசில கொடுத்து அனுப்பிடுவேன். இனிமே வர மாட்டேன்.”

காற்று இலையைத் தூக்கியது. அவள் கையால் அழுத்திப் பிடித்தாள்.

“இத்த வுட்டா வூடுதான். வூட்ட நெனச்சாத்தான் பயமா கீது. எங்க வூட்டுக்காரி பேச்ச நிறுத்திட்டா. நாப்பது நாளு மேல ஆவுது. எதுக்குன்னு தெரியல. கேக்கலாம். கேட்டா சண்ட வரும், சண்டைல கண்ணு வெசயம் வெளிய வந்துடும். கடலுக்கும் போவாத புருசன், கண்ணும் இல்லன்னா அவ எப்டிம்மா தாங்குவா? கூட தூக்கித் தூக்கித் தலயெல்லாம் வழுக்க வுழுந்து கீது அவளுக்கு.”

ஆதியம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

“முன்னாடியெல்லாம் பேசிகினே இருப்பா. வாய மூட மாட்டா. மூஞ்சி மறஞ்சிபோயி ரெண்டு வருசம் ஆச்சு, அதனால ஒண்ணும் இல்ல, மூஞ்சி எனக்கு ஞாபகம் கீது. குரல வெச்சி, அடுப்பாண்ட கீறா, வாசல்ல கீறா, தலய சீவிகினு கீறான்னு தெரியும். இப்ப அதுவும் போச்சு. சோறு வருது, தண்ணி வருது, பாயி விரியுது. யாரு வெக்கறான்னு தெரியல. வூட்ல நான் ஒண்டியா கீறனா, அவ எதிர்ல குந்திகினு கீறாளான்னே தெரியலம்மா. நேத்து ஒரு நாழி காலி வூட்டுக்கிட்ட பேசிகினு இருந்தேன். அவ கீறான்னு நெனச்சி.”

மாபலிபுரம் பஸ் திரும்பி உள்ளே வந்தது. போர்டு படிக்க அவளுக்கும் தெரியாது. ஆனால் பஸ்ஸின் நசுங்கின மூக்கும், ஃபுட்போர்டில் தொங்கிய கண்டக்டர் சடையனும் நன்றாகத் தெரியும். கையைத் தட்டினால் போதும் என்று சொல்லியிருந்தான்.

“பஸ்ஸு வந்துச்சு. எய்ந்திருய்யா,” என்றாள் ஆதியம்மாள்.

அவன் கை சோற்றோடு நின்றுவிட்டது.

“நான்தான். இங்கதான் கீறேன். மத்தியானத்துலேர்ந்து கீறேன். ஏன்யா, ஊர்ல போறவகிட்டல்லாம் சொல்லுவ, எங்கிட்ட சொல்ல மாட்டியா? நான் இன்னா செத்தா போயிட்டேன்? திருக்கயுக்குன்றத்துல பல்லக் காட்டிகினு நின்னேன்யா, பாக்காத மாதிரி போனியே, அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா...” அவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அடித்த கையை எடுக்காமல் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

“ஆதி,” என்றான் அவன். முகத்தைத் திருப்பி அவள் இருந்த இடத்துக்குக் கொஞ்சம் ஓரமாகப் பார்த்தான். “பொட்டிச் சேலயா? அந்துருண்ட வாசன அடிக்குது.”

“பச்ச சேல. நம்ம தனக்கோடி கல்யாணத்துக்கு எடுத்தது. படிய பாத்து வை. ரெண்டாவது படி ஒடஞ்சி கீது.”

பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டம். ஒரு சீட்டைப் பிடித்து அவனை ஜன்னலோரம் தள்ளி உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததிலிருந்து நாற்பத்திரண்டு நாள் பேச்சையும் எடுத்துவைத்துவிட்டாள். ஜெகதாம்பாள் சொன்னது, தனக்கோடி மாசமாக இருப்பது, கூழ் ஊற்றுகிற அன்றைக்குக் குப்பத்தில் நடந்த அடிதடி, வாசல் கதவின் கீல் விட்டுப்போனது. அதோடு வழியையும் சொன்னாள். இந்தாண்ட ஏரி முடிஞ்சிது. முன்னாடி சீட்ல ஒருத்தன் கோழிய மடில வெச்சிகினு தூங்கறான். தோ மலக்கோயில்ல வெளக்கு வெச்சிட்டாங்க. அவள் குரல் மீன் விற்ற குரல்; மெதுவாகப் பேச அதற்குத் தெரியாது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் சடையன் விசிலை வாயிலிருந்து எடுத்தான். “யம்மா மீன்காரம்மா, ஒரு அஞ்சி நிமிசம் வாய மூடிகினு வாயேன். டிக்கெட்டுக் கேக்க முடியல.”

அவள் சட்டென்று நிறுத்தினாள். பஸ் இரைச்சல் மட்டும் கேட்டது. சிங்காரத்தின் கை அவசரமாகச் சீட்டின் மேல் தடவிக்கொண்டு வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

“அவள நிறுத்தாத நைனா,” என்றான். “பேசட்டும் வுடு.”